கண்டிக் காற்றும் சிகரெட் புகையும்



காலை ஏழு மணிக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வேன், முச்சக்கரவண்டி, குட்ஷெட் பஸ் நிலையப் பக்கம் திரும்பும் பஸ் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். டீசல் புகையில் தொண்டை கரகரக்கும்.

கொழும்பில் கடற்காற்று வந்து புகையைக் கலைத்துவிடும். கண்டிக்கு அந்த வசதி இல்லை. சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், சுற்றிலும் ஹந்தானை, உடவத்தகலை, பஹிரவகந்தை என்று மேடுகள். நடுவே பள்ளத்தில் நகரம். காற்றோட்டமில்லாத விடியலில் குளிர்காற்று அடியில் தங்க, சூடான காற்று மேலே மூடிவிடும். புகைக்குப் போக வழியில்லை. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவதும் இதைத்தான்.

அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத துகள்தான் பொல்லாதது. 2.5 மைக்ரோன் அளவு. ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஏறக்குறைய முப்பதை அடுக்கலாம். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். ஒரு கனமீற்றர் காற்றில் இத்துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது.

நமது மூச்சுக்குழாயின் உட்புறம் நுண்மயிர்கள் உண்டு. தூசி ஒட்டிய சளியை ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளுவது அவற்றின் வேலை. சிகரெட்டோ பீடியோ சுருட்டோ, அந்தப் புகை இவற்றை முடக்கிவிடும். சளி தேங்கும், காலையில் இருமித்தான் எடுக்க வேண்டும். ஊர்ப் புகையும் வெளியேறாமல் உள்ளேயே படியும். ஆகவே கண்டியில் புகைப்பவருக்குக் கேடு இரண்டு பக்கத்தாலும் வருகிறது. காற்றறைகள் சிதைந்துவிட்டால் பழையபடி ஆகாது. முதலில் மேடேறும்போது மூச்சு வாங்கும்; பிறகு முற்றத்தில் நடந்தாலே வாங்கும். வீட்டில் தொய்வுள்ள பிள்ளை இருந்தால், பக்கத்தில் ஒருவர் புகைப்பதே அதற்கு இழுப்பைக் கொண்டுவரப் போதும்.

புகைப்பதை நிறுத்தினால் சில மாதங்களில் நுண்மயிர்கள் மீண்டும் வேலை தொடங்கும். ஆரம்பத்தில் இருமல் கொஞ்சம் கூடலாம். பயந்து மறுபடி பற்றவைக்க வேண்டாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ வைத்தியரிடம் போங்கள்.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது குற்றம். எனவே, பிள்ளையைக் கடைக்கு அனுப்பிச் சிகரெட் வாங்காதீர்கள். வாகனம் ஓட்டுபவர்களே, பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். இவை இரண்டையும் இன்றைக்கே செய்யலாம்.