பழைய கணிப்பொறிக்குப் புது வாழ்வு



பழைய கணிப்பொறி ஒன்றைப் பாதுகாப்பது எப்படி? கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவது ஒரு வழி. அதைப் போலவே இன்னொன்றைச் செய்து, செய்யும் முறையைப் பிறருக்கும் சொல்லிக் கொடுப்பது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

எடுத்துக்காட்டாக, ஆப்பிள்-1 என்னும் கணிப்பொறியைப் பார்ப்போம். 1975 மார்ச் மாதம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மென்லோ பார்க் என்ற ஊரில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் சில ஆர்வலர்கள் கூடினார்கள். ஹோம்புரு கம்ப்யூட்டர் கிளப் என்ற சங்கம் இவ்வாறு பிறந்தது. அதன் உறுப்பினரான ஸ்டீவ் வாஸ்னியாக், தாம் வடிவமைத்த கணிப்பொறியின் சுற்று வரைபடத்தைப் படியெடுத்து மற்ற உறுப்பினர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். பிறகுதான், 1976இல், ஸ்டீவ் ஜாப்ஸுடன் சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 666.66 டாலர். செய்யப்பட்டவை ஏறத்தாழ 200. வாங்கியவர் கைக்குக் கிடைத்தது, பாகங்கள் பொருத்திய ஒரு பலகை மட்டுமே. விசைப்பலகை, மின்மாற்றி, திரை ஆகியவற்றை அவரே தேடிச் சேர்க்க வேண்டும்.

1977இல் ஆப்பிள்-2 வந்தது. பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெற்றுக்கொள்ள நிறுவனம் வழி செய்தது. அவ்வாறு திரும்பி வந்த பலகைகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை கிடைத்தற்கரிய பொருள்களாயின. 2014இல் நடந்த ஏலத்தில் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் ஒன்றை 905,000 டாலருக்கு வாங்கியது. இத்தனை விலையுள்ள பொருளை ஒரு மாணவனிடம் கொடுத்து, "கழற்றிப் பார்" என்று சொல்ல முடியுமா?

இங்கேதான் அந்த வரைபடம் கைகொடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆர்வலர்கள் அதே கணிப்பொறியை மீண்டும் செய்கிறார்கள். ஒரு சாரார் அந்தக் காலத்துச் சில்லுகளையே தேடிப் பிடித்து, அச்சு அசலாகச் செய்கிறார்கள். ஆனால், திரைக்குரிய எழுத்துகளைத் தேக்கி வைத்த பழைய சில்லுகள் இப்பொழுது செய்யப்படுவதில்லை. ஆகவே மற்றொரு சாரார் அந்தப் பகுதிக்கு மட்டும் இக்காலச் சில்லு ஒன்றைப் பொருத்துகிறார்கள். மூளையாக விளங்கும் 6502 நுண்செயலியின் வழிவந்த சில்லு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1975இல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்து, சாமானியரும் கணிப்பொறி செய்யலாம் என்று காட்டியது இந்த 6502தான்.

செய்வது எப்படி? முதலில் சாக்கெட்டுகளையும் சிறு பாகங்களையும் ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். சில்லுகளைச் செருகுமுன் மின்சாரம் கொடுத்து, 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரால் அளக்க வேண்டும். பின்பு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சில்லின் வெட்டுக்குறி பலகையிலுள்ள குறியோடு பொருந்துமாறு செருக வேண்டும். மீண்டும் மின்சாரம் கொடுத்து ரீசெட் விசையை அழுத்தினால், திரையில் ஒரு சாய்கோடு தோன்றும். 256 பைட் அளவே உள்ள அடிப்படை நிரல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம். பழைய கையேட்டிலுள்ள 11 பைட் சோதனை நிரலைத் தட்டி ஓட்டினால், எழுத்துகள் வரிவரியாகத் திரையை நிரப்பும். அந்தப் பதினொன்றில் ஒவ்வோர் எண்ணும் என்ன வேலை செய்கிறது என்பதை ஒரு மாணவன் விரல்விட்டுச் சொல்லிவிடலாம். இன்றைய கணிப்பொறியில் இது நடக்குமா?

செய்து முடித்ததோடு வேலை தீர்ந்துவிடாது. வரைபடம், பாகங்களின் பட்டியல், நிரல், எந்த இடத்தில் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற குறிப்பு ஆகிய அனைத்தையும் பிறருக்குக் கொடுக்க வேண்டும். குறிப்பில்லாத கருவி, செய்தவர் மறைந்ததும் ஊமையாகிவிடும். முதலில் வடிவமைத்தவரின் பெயரைச் சொல்வதும், உரிமையுள்ளவரிடம் அனுமதி கேட்பதும் நம் கடமை. பலகையின்மேல், 'இது மறு ஆக்கம்' என்று ஆண்டோடு பொறித்துவிடுவதும் நல்லது. இல்லையேல் நாளை யாராவது அதை அசல் என்று சொல்லி விலை பேசக்கூடும்.

கொடுத்தால் குறையாத செல்வம் கல்வி என்பார்கள் நம் பெரியோர். பலகைகள் பல அழிந்தன. பகிர்ந்த வரைபடம் அழியவில்லை. நாம் கற்றதையும் அவ்வாறே பகிர்ந்துகொள்வோம்.