பைபாஸா, ஸ்டென்ட்டா?

இருதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு என்று வைத்தியர் சொன்னவுடன், மணிக்கட்டு வழியே ஸ்டென்ட் வைத்துக்கொண்டு இரண்டொரு நாளில் வீடு திரும்புவதா, மார்பைத் திறந்து பைபாஸ் செய்துகொள்வதா என்று குடும்பமே கூடி விவாதிப்பது சகஜமாகிவிட்டது. கத்தி என்றால் யாருக்குத்தான் பயமில்லை!

ஆயினும், 2005 முதல் 2007 வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1800 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட ‘சின்டாக்ஸ்’ பரிசோதனையில், பத்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, மூன்று குழாய்களிலும் நோயுள்ளவர்களுள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டோரில் 100க்கு 28 பேரும், பைபாஸ் செய்துகொண்டோரில் 21 பேரும் காலமாகியிருந்தனர். இடது பிரதானக் குழாயில் நோயுள்ளவர்களிடமோ அவ்வித வித்தியாசம் ஸ்பஷ்டமாகத் தெரியவில்லை.

ஸ்டென்ட் தான் அமர்ந்த இடத்தை மட்டுமே விரித்துப் பிடிக்கிறது. பைபாஸில் நெஞ்செலும்பின் உட்புறமாக இறங்கும் மார்புத் தமனியை அடைப்புக்கு அப்பால் இணைத்துவிட்டாலோ, அதற்கு மேலே பிற்காலத்தில் புதிதாக உண்டாகும் அடைப்புகளையும் இரத்தம் தாண்டிப் போய்விடுகிறது. அத்தமனியும், காலிலிருந்து எடுக்கும் சிரையைப்போல விரைவில் கெடுவதில்லை.

நீரிழிவுக்காரர்களை மட்டும் ஆராய்ந்து 2012இல் வெளியான ‘ஃப்ரீடம்’ ஆய்விலும் ஐந்தாண்டு மரண விகிதம் பைபாஸில் குறைவே. பக்கவாதம் மட்டும் அதில் அதிகம், 100க்குச் சுமார் 5 பேர். ஸ்டென்ட்டில் 2 பேர். ஒரே குழாயில் ஓரிடத்தில் மட்டும் அடைப்புள்ளவர்களுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தா.