நோயுற்ற குழந்தையிடம் உண்மை பேசுவோம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



புற்றுநோய் பெரியவர்களுக்கே வரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பச்சிளம் பிள்ளைகளுக்கும் அது வருகிறது. அவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதன் பெரும்பான்மை வகைக்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீடிக்கும். இடையில் நிறுத்தாமல் முழுமையாகச் சிகிச்சை பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். இதற்காக நம் வாடிப்பட்டிப் பகுதி மக்கள் மதுரைக்குச் செல்கின்றனர். சிலர் சென்னை அடையாறு வரை செல்கின்றனர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்டது அடையாறு மருத்துவமனை.

மருந்தை மருத்துவர் தருவார். ஆனால் பிள்ளையின் அச்சத்தை ஆற்றுவது யார்?

கண்ணியத்திற்குரியவர்களே! மிகச் சிறிய பிள்ளை, தாயை விட்டுப் பிரிவதற்கு அஞ்சுகிறது. பள்ளி செல்லும் பிள்ளை ஊசிக்கு அஞ்சுகிறது. முதுகுத் தண்டில் ஊசி செலுத்தும் நாளை எண்ணி இரவெல்லாம் விழித்திருக்கிறது. வளர்ந்த பிள்ளையோ முடி கொட்டுவதற்கும் மரணத்திற்கும் அஞ்சி, வாய் திறவாமல் இருக்கிறது. நாமோ, "ஒன்றும் இல்லை, வெறும் காய்ச்சல்தான், ஊசியே போட மாட்டார்கள்" என்று கூறி அழைத்துச் செல்கிறோம். ஊசி இறங்கிய மறுகணம், வலியோடு நம்பிக்கையும் போய்விடுகிறது. அதன்பின் அத்தா சொல்லும் எந்த ஆறுதலையும் அப்பிள்ளை நம்பாது.

ஒரு தாய் தன் மகனை, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன தரப்போகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். எதுவும் தராதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. விளையாட்டாய் அழைப்பதிலேயே பொய் கூடாதென்றால், வேதனையில் துடிக்கும் பிள்ளையிடம் கூடுமா?

ஆகவே உண்மையை அதன் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். "சுருக்கென்று வலிக்கும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும், நான் உன் கையைப் பிடித்திருப்பேன்" என்று கூறுங்கள். எந்தக் கையில் ஊசி போடலாம் என்று மருத்துவர் இசைந்தால் பிள்ளையையே தேர்ந்தெடுக்க விடுங்கள். மூச்சை மெல்ல ஊதி விடச் சொல்லுங்கள். கொட்டிய முடி மீண்டும் வளரும் என்பதை முன்பே கூறுங்கள். "சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் வழக்கத்தை எல்லா வீடுகளிலும் விட்டொழியுங்கள்.

அழும் பிள்ளையை ஏசாதீர்கள். கைத்தடி பாம்பாக நெளிந்தபோது மூஸா (அலை) அவர்களே அஞ்சித் திரும்பி ஓடினார்கள் என்று கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, அபயமளித்தான். அச்சம் ஈமானின் குறையன்று.

"நான் தப்பு செய்ததால்தான் இந்த நோயா?" என்று சில பிள்ளைகள் உள்ளுக்குள் வெந்து போகின்றன. பருவமடையும் வரை குழந்தையை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. பாவமே எழுதப்படாத பிள்ளைக்குத் தண்டனை ஏது? இதை அதன் காதில் விழும்படி சொல்லுங்கள்.

மஹல்லாவாசிகளே! இது தொற்றுநோயன்று, அப்பிள்ளையோடு விளையாட உங்கள் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். ஆனால் சிகிச்சையால் அதன் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். சளி, காய்ச்சல் உள்ளவர் அருகில் செல்ல வேண்டாம். நலமாயிருப்பவரும் கைகழுவிச் செல்லுங்கள். அதன் முன்னால் ஒப்பாரி வைக்காதீர்கள். நோயாளிக்காக ஓதுவது சுன்னத். மருத்துவம் செய்வதும் சுன்னத். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடாதீர்கள்.

நோயுற்ற நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களின் பெற்றோருக்கு அழகிய பொறுமையையும், நம் நாவுகளுக்கு உண்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.