நீச்சலும் நெஞ்சும்

(வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாலிபரின் தேகாரோக்கியத்தைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தீர்கள். நாம் எடுத்துக்கொண்டது நீச்சல். நுவரெலியாக் குளிரிலும் ஹற்றன் மழையிலும் இருக்கும் நமக்கு நீச்சல் எதற்கு என்று சிலர் நகைக்கலாம். ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம்வரை செல்கிறார்கள். அங்கே நீச்சல் அணிகளிலும் சேருகிறார்கள். லீவுக்கு வரும்போது சிலர் இருமலோடு வருகிறார்கள். "தண்ணீரில் கிடந்தால் சளி பிடிக்காதா? விட்டுவிடு" என்கிறார் பாட்டி. "பந்தயம் நெருங்குகிறது, விடாதே" என்கிறார் பயிற்சியாளர். பிள்ளையின் நெஞ்சு என்ன சொல்கிறது என்று கேட்பவர் குறைவு.

நீச்சல் நமக்குப் புதிதன்று. 1954 இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அக்கரை சென்று மீண்டும் நீந்தியே திரும்பினார். அவர்கள் நீந்தியது திறந்த கடல். இன்றைய பந்தய வீரரோ ஆண்டுக்கணக்காகக் குளோரின் இட்ட தடாகத்தில் பழகுகிறார். வேற்றுமை இங்கேதான்.

குளோரின் கிருமிகளைக் கொல்லும், அது தேவையே. ஆனால் குளிப்போரின் வியர்வையோடும் சிறுநீரோடும் அது சேரும்போது டிரைகுளோரமைன் என்னும் வாயு உண்டாகிறது. தடாகத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது அழுக்கின் அடையாளம்! இந்த வாயு நீரின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கும். நீந்துபவர் மூச்சு வாங்குவதும் அவ்விடத்திலேதான். சும்மா இருப்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர் காற்றை இழுக்கிறார். கடும் பயிற்சியிலோ அது பல மடங்காகிறது. நாள்தோறும் இப்படி இழுத்தால் சுவாசக் குழாய்கள் புண்படாதிருக்குமா?

இது நிலைத்த கேடா, நீங்கும் கேடா? பின்லாந்து தேச வைத்தியர்கள் 42 தேர்ந்த நீச்சல் வீரர்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002 இல் முடிவை வெளியிட்டார்கள். கடும் பயிற்சியைத் தொடர்ந்தோரின் சுவாசக் குழாய் அழற்சி மிகுந்தது. நிறுத்தியோருக்கு அது தணிந்தது. ஆகவே கேடு உண்டு. அது பெரும்பாலும் தணியக்கூடியதும் ஆகும்.

அப்படியானால் பிள்ளைகளை நீரிலிருந்து தடுக்கலாமா? கூடாது. இங்கிலாந்தில் 5,700க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து 10 வயதுவரை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்டபோது, நீந்தும் பிள்ளைகளுக்குத் தொய்வு மிகுந்ததாகக் காணவில்லை. அவர்களின் சுவாசப்பை வலுவே கூடியிருந்தது. சிறுவயது முதல் தொய்வால் வருந்திய அமெரிக்க மங்கை ஏமி வான் டைக்கன், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 4 தங்கப் பதக்கங்கள் பெற்றார். அளவான நீச்சல் நன்மை. பல்லாண்டுக் கடும் பயிற்சிக்குக் காவல் வேண்டும்.

மலைநாட்டாராகிய நமக்கு இன்னொரு விஷயமும் உண்டு. லயத்து அறையில் விறகடுப்புப் புகையைக் குடித்து வளர்ந்த நெஞ்சு, தடாகத்தை அடையுமுன்னரே களைத்திருக்கலாம். குளிர்காற்றும் அதனைச் சுருக்கும். ஆதலால் இருமல் முழுவதற்கும் நீச்சலைப் பழிப்பது நியாயமன்று; அடுப்புக்கு ஒரு புகைபோக்கியும் பார்க்க வேண்டும்.

வாலிபர்களே! நீரில் இறங்குமுன் உடம்பைக் கழுவுங்கள். தடாகத்தில் சிறுநீர் கழியாதீர்கள். மூடிய மண்டபமானால் ஜன்னல்களைத் திறக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் பின் இருமலோ, நெஞ்சிறுக்கமோ, சீழ்க்கை போன்ற மூச்சொலியோ வந்தால் மறைக்காதீர்கள். வைத்தியரிடம் மூச்சுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 'பம்ப்' பிடிப்பது வெட்கமன்று. சால்பியூட்டமோல் என்னும் உறிஞ்சு மருந்தைப் போட்டி விதிகளே அளவோடு அனுமதிக்கின்றன.

பெரியோர்களே! "தொய்வு என்று தெரிந்தால் நாளைக்குப் பெண்ணை யார் கட்டுவார்?" என்று நோயை மூடிவைக்காதீர்கள். மூடிய நோய் வளரும். சொல்லிய நோய் தணியும். சுவர் இருந்தால்தானே சித்திரம்? பதக்கம் நல்லதுதான், அதை அணியும் நெஞ்சு அதனினும் நல்லது.