பெங்களூருப் படவிழாவும் நாமும்



பெங்களூருவில் வாழும் தமிழர்களில் பலர் கன்னடத்தைக் கடையிலும் பேருந்திலும் கற்றவர்கள். விலை கேட்கவும், வழி விசாரிக்கவும், வாடகை இரண்டு நாள் தாமதமாகும் என்று வீட்டுக்காரருக்குச் சமாதானம் சொல்லவும் அந்தக் கன்னடம் போதும். நாமும் அவ்வாறே பல ஆண்டுகளைக் கழித்தோம். நமது உத்தியோகமோ மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு. ஆங்கிலச் சுற்றறிக்கைகள் இந்தியாகும். இந்திக் கடிதங்கள் ஆங்கிலமாகும். அந்த மேஜையின்மீது நம் தாய்மொழிக்கும் இடமில்லை, நம்மை வாழவைக்கும் ஊரின் மொழிக்கும் இடமில்லை.

இந்நிலையில், அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தியதன்பேரில் பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழாவுக்குச் சென்றோம். 1971இல் தோன்றிய சுசித்ரா திரைப்படக் கழகம் 2006இல் தொடங்கிவைத்த விழா அது. பிற்பாடு மாநில அரசு அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. 2009இல் அமைந்த கர்நாடக சலனசித்ர அகாதெமி அதனை நடத்திவருகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் 8 வரை நடைபெற்றது பதினாறாம் விழா. ஆசியப் படங்களுக்கு ஒன்று, இந்தியப் படங்களுக்குச் சித்ரபாரதி என்று ஒன்று, கன்னடப் படங்களுக்கென்றே ஒன்று என மூன்று போட்டிகள் அதில் உண்டு. ஈரானியப் படத்திற்கும் பிரெஞ்சுப் படத்திற்கும் வரிசை நீண்டு நிற்கும். நமது பேச்சு அந்த வரிசையைப் பற்றியதன்று. மூன்றாவது போட்டியைப் பற்றியது.

நாம் முதலில் கண்ட கன்னடப் படம் ஒரு கிராமத்துக் கதை. பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். திரையின் அடியில் ஓடும் ஆங்கில சப்டைட்டிலை நாம் கருத்தாக வாசித்துக்கொண்டிருந்தோம். அம்மையார் சிரிப்பார், ஒரு கணம் கழித்து வரி வரும், நாம் சிரிப்போம். சில வேளைகளில் அவர் சிரிப்பார், வரியில் சிரிப்பதற்கு ஒன்றுமே இராது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைவிடத் தலைகுனிவு வேறென்ன வேண்டும்? சற்று நேரத்தில் வரியை வாசிப்பதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டோம்.

அப்பொழுதுதான் விளங்கியது. ஆங்கில வரி மூன்று பெண்களையும் ஒரே சொல்லால் குறிக்க, திரையில் ஒருத்தி அத்தே, ஒருத்தி சிக்கம்மா, ஒருத்தி தொட்டம்மா. அத்தை, சித்தி, பெரியம்மா என்று நம் வீட்டில் வேறுபடுத்தும் அதே உறவுகள், அதே ஓரவஞ்சனைகள்! பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் காலப்போக்கில் ஹகரமாயிற்று என்று மொழிநூலார் கூறுவர். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். ஹாலு பால், ஹல்லு பல், ஹுலி புலி, ஹத்து பத்து, ஹெண்டதி நம் பெண்டாட்டியேதான். கடைக்கன்னடத்தில் இவையெல்லாம் காதில் விழுந்தும் நாம் கவனித்ததில்லை. கடையில் யாரும் அத்தையோடு சண்டையிடுவதில்லையல்லவா?

உள்ளூரில் எடுக்கப்பட்ட படம் என்பது கன்னடத்திற்கு எளிதில் வாய்த்ததன்று. 1934இல் வெளிவந்த முதல் கன்னடப் பேசும்படமான ‘சதி சுலோசனா’ கோலாப்பூரில் எடுக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் சென்னையின் ஸ்டூடியோக்களே கன்னடப் படங்களுக்கும் தாய்வீடு. பந்துலு ஒரே கையால் தமிழுக்கு ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னையும் (1959) கன்னடத்திற்குக் ‘கித்தூர் சென்னம்மா’வையும் (1961) அளித்தார்.

1970இல் ‘சம்ஸ்கார’ வந்தது. அனந்தமூர்த்தியின் நாவல், நெறியாள்கை தெலுங்கரான பட்டாபிராம ரெட்டி, ஒளிப்பதிவு ஆஸ்திரேலியரான டாம் கோவன், நாயகர் அந்நாளில் சென்னையில் பணிபுரிந்த கிரீஷ் கார்னாட். கதை நிகழ்வதும் படம் பிடிக்கப்பட்டதும் மலைநாட்டுக் கிராமத்தில். சென்னைத் தணிக்கைக் குழு அதற்கு அனுமதி மறுத்தது; பின்னர் தடை நீங்கி, அவ்வாண்டின் சிறந்த இந்தியப் படமாகத் தேசிய விருதும் பெற்றது. உள்ளூர்ப் படம் என்றால் உள்ளூரில் பிறந்தவர் மட்டுமே எடுத்த படம் என்பதன்று என்று நாம் கொள்வது இதனால்தான். அயலூரார் மனம்வைத்தால் அதில் பங்கு உண்டு.

இனி, சற்றே கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். 2016 செப்டம்பரில் காவிரி நீர் குறித்த உத்தரவை அடுத்துப் பெங்களூருவில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டன. அன்று அலுவலகத்திலிருந்து பாதி நாளில் வீடு திரும்பிய நாம், பிள்ளைகளை அழைத்து, வீதியில் தமிழில் பேசவேண்டாம் என்று எச்சரித்தோம். 1991ஐக் கண்ட மூத்தவர்கள் இதைவிடக் கொடியவற்றைச் சொல்வார்கள். அந்நாள்களில் மண்டியா என்ற பெயர் செய்தியில் வந்தாலே நமக்கு மறியலும் தீயும்தான் மனத்தில் எழும்.

அதே ஆண்டில் திரைக்கு வந்திருந்த ‘திதி’ என்னும் படத்தை நாம் பிற்பாடே கண்டோம். இராம் ரெட்டியின் நெறியாள்கையில், மண்டியா மாவட்டத்து நொதெகொப்பலு கிராமத்தில், நடிப்பறியாத ஊர்மக்களையே கொண்டு எடுக்கப்பட்டது. 2015இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் பரிசு பெற்றது. நூற்றொரு வயதுக் கிழவர் இறக்கிறார். பதினோராம் நாள் சடங்குக்குள் மகன், பேரன், கொள்ளுப்பேரன் மூவரும் படும் பாடே கதை. மகனான கிழவருக்குச் சாவும் சொத்தும் ஒரு பொருட்டல்ல. அவர் வயல்வெளியில் தம் போக்கில் நடந்துகொண்டிருக்கிறார். பேரனுக்கோ நிலத்தை விற்றாகவேண்டும். கொள்ளுப்பேரன் ஆட்டுக்காரப் பெண்ணொருத்தியின் பின்னே சுற்றுகிறான். அவள் பெயர் காவேரி! எழுதியவர் எண்ணித்தான் வைத்தாரோ, அந்நாட்டில் இயல்பான பெயர் என்று வைத்தாரோ, நமக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நிலத்தாவா, சாராயக்கடைப் பேச்சு, பந்திக்கு ஆடு வாங்கும் கவலை என எல்லாம் நம் ஊர்ப்புறத்தில் நாம் கண்டவையே. செய்தித்தாள் காட்டாத மண்டியாவை அந்த இரண்டு மணி நேரம் காட்டிற்று.

விழாவைப் புகழ்வதோடு நிறுத்திவிட நமக்கு மனமில்லை. நடேஷ் ஹெகடேயின் ‘பெட்ரோ’ 2021இல் கொரியாவின் பூசான் விழாவில் திரையிடப்பட்டது. ஆயினும் 2022ஆம் ஆண்டுப் பெங்களூரு விழாவில் அதற்கு இடம் கிட்டவில்லை. கன்னடத் திரையுலகினர் சிலர் வெளிப்படையாகவே வருந்தினர். தேர்வுக்குழுவின் உரிமையை நாம் மறுக்கவில்லை. எனினும் உலகத்தின் படங்களைத் தன் ஊருக்குக் கொணரும் விழா, தன் ஊர்ப் படம் உலகம் சுற்றிவந்த பின்னரும் வாசலில் நிற்கும்படி விடலாகாது என்பது நம் கருத்து.

நேயர்களில் பெங்களூருவில் இருப்போர் அடுத்த விழாவுக்கான பதிவு அறிவிக்கப்படும்போது, கன்னடப் போட்டிப் படங்கள் இரண்டையேனும் குறித்துக்கொள்க. பிள்ளைகளுள் வயது வந்தோரையும் உடன் அழைத்துச் செல்க. மும்பையிலோ கொல்கத்தாவிலோ இருப்போர் அங்கு மராத்தி, வங்காளிப் படங்களுக்கு இதனையே செய்யலாம். முதல் அரைமணி நேரம் சப்டைட்டிலை நாடாதிருக்கவேண்டும் என்பதே நாம் விதிக்கும் ஒரே நிபந்தனை.

நாம் கண்ட அந்த முதல் படம் முடிந்து விளக்கு எரிந்ததும், பக்கத்து இருக்கை அம்மையார் நம் பக்கம் திரும்பி, “யாவூரு?” என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றோம். அவர் சற்றே யோசித்து, தாம் மண்டியாவுக்கு அருகே பிறந்தவர் என்றார். ஆற்றின் மேற்புறத்தாரும் கீழ்ப்புறத்தாரும் அடுத்தடுத்த நாற்காலியில்! இருவருக்கும் பேச்சு எழவில்லை. பிறகு அவர், “ஊட்டா ஆய்தா?” என்று, சாப்பிட்டாயிற்றா என விசாரித்தபடியே கைப்பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே கோடுபலே இருந்தது. நாம் இரண்டு எடுத்துக்கொண்டோம். அடுத்த படத்திற்கு மணி அடித்தார்கள்.