நகரும் பாலமும் அதன் வடமும்

வெள்ளத்தில் பாலம் அள்ளுண்டு போனால், மறுகரையில் உள்ளோருக்கு உணவும் மருந்தும் எவ்வாறு சேரும்? இதற்கு ஒரு வழி, ஊர்தியின் முதுகிலேயே பாலத்தை மடித்து ஏற்றிச் சென்று, சில நிமிடங்களில் விரித்துவிடுவதாகும். இரண்டாம் உலகப் போரில் படையினர் கையாண்ட உபாயம் இது. பின்னர் அமெரிக்கப் படையினர் அமைத்த கத்தரிப் பாலமொன்று ஏறக்குறைய 13 தொன் எடையுடையது. 18 மீற்றர் இடைவெளியைக் கடக்கவல்லது. இந்தியாவின் 'சர்வத்ரா', 15 மீற்றர் பாலங்கள் ஐந்தினை இணைத்து 75 மீற்றர் வரை எட்டியது.

கத்தரிப் பாலம் நடுவே கீலால் இணைந்த இரு பாதிகளைக் கொண்டது. கீழ்ப்பாதியை நீரியல் உந்துதண்டு நிமிர்த்துகிறது. இவ்வகைப் பாலங்கள் சிலவற்றில், கீழ்ப்பாதி நிமிரும்போதே உருக்கு வடம் மேற்பாதியை இழுத்து விரிக்கிறது. மேற்பாதி செங்குத்து நிலையைக் கடந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அதுவரை இழுத்தால் மட்டுமே விரிந்த பகுதி, இப்பொழுது தன் எடையாலேயே சாய முற்படுகிறது. இழுத்த வடம் தொய்கிறது. தடுத்து நிறுத்தும் வடம் திடீரென விறைக்கிறது.

கிணற்றில் நீர் அள்ளுவோர் இதனை அறிவர். நீர் நிறைந்த வாளியை மெல்ல இறக்கினால் கயிறு தாங்கும். தொய்ந்த கயிற்றில் அதே வாளியை விழவிட்டால் கயிறு அறுந்துபோகவும் கூடும். வாளியின் எடை மாறவில்லை, மாறியது இயக்கமே. தொய்வின்றி நிற்கும் வடத்தில் ஒரு பாரத்தைச் சட்டென விட்டாலே, இழுவிசை அப்பாரத்தின் இருமடங்கு வரை உயரும். தொய்வு இருப்பின் அதனினும் மிகும்.

ஆதலால், அசையாத பாலத்தின் எடையை மட்டும் கணித்து வடத்தைத் தெரிவு செய்தல் போதாது. பொறியியலாளர் ஒவ்வொரு கணத்துக்கும் இயக்கச் சமன்பாடு எழுதுகின்றனர். வடம் இழுக்குமேயன்றித் தள்ளாது. எனவே விறைத்த நிலைக்கு ஒரு கணிப்பும் தொய்ந்த நிலைக்கு வேறொரு கணிப்பும் வேண்டும்.

வடத்தைத் தடிப்பாக்கினால் வலிமை கூடும் என்பது உண்மையே. ஆயினும் தடித்த வடம் நெகிழ்வு குறைந்தது. அது விறைக்கும்போது எழும் விசை பெரிதாகி, கீலையும் கப்பியையும் தாக்கும். வடத்தைத் தொய்யவிடாமையும், செங்குத்து நிலையை மெதுவாகக் கடக்கச் செய்வதுமே சிறந்த காப்பு. இன்று கணினி இக்கணிப்புகளை விரைந்து செய்கிறது. வடம் அறுந்து சுழன்றடித்தால் அருகில் நிற்போரின் உயிருக்கே ஆபத்து. விரைவாக விரிய வேண்டிய பாலத்துக்கும் அந்த ஒரு கணத்தில் நிதானம் வேண்டும்.