சுறாவின் வாய்க்குள் சிறு மீன்



தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி வரும் காட்டெருமையின் முதுகில் மைனா உட்கார்ந்து உண்ணி கொத்துவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இதே உறவு கடலிலும் உண்டு.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. அங்கே விரல் நீளத்தில், கறுப்புப் பட்டை ஓடும் ஒரு நீல மீன் வாழ்கிறது. அது யாரையும் தேடிப் போவதில்லை. பெரிய மீன்கள்தான் அதன் இடத்துக்கு வருகின்றன. களவா மீன் வாயைத் திறந்து, செவுளை விரித்துக் காத்திருக்கும். சிறு மீன் உள்ளே நுழைந்து ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் தின்றுவிட்டுப் பத்திரமாக வெளியே வரும். பிலிப்பைன்ஸில் மலபாஸ்குவா தீவருகே நீண்ட வால் சுறாக்கள் ஆழத்திலிருந்து அதிகாலையில் ஏறி வந்து, வேகத்தைக் குறைத்து வட்டமிடுகின்றன. இந்தச் சுத்தத்திற்காகத்தான்.

சுறா அதை விழுங்குவதில்லை என்று நாம் வியக்கிறோம். ஆனால் சோதனை சிறு மீனுக்கும் உண்டு. ஒட்டுண்ணியைவிட அதற்கு ருசியானது, பெரிய மீனின் தோலைக் காக்கும் வழவழப்பான படலம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சில வேளை அதையே கடித்துவிடும். கடிபட்ட மீன் துடித்து விலகும். பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற மீன்களும் அதனிடம் வரத் தயங்கும்.

நம் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர்தான். ஒருவருடைய குடியோ கடனோ அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இராது. அவரே வாய் திறந்து நம்மிடம் சொல்கிறார் என்றால், வலி தாங்காமல் சொல்கிறார். அந்த வலியை எடுக்கத்தான் நம்மை உள்ளே விட்டார். நாமோ அவருடைய மானத்தைக் கடித்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறோம். (பங்குப் பேரவைக் கூட்டமும் சில நாள் குழாயடிதான்.)

தவறிய சகோதரரிடம் முதலில் தனியாகப் போகச் சொல்கிறார் ஆண்டவர். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் சபை கடைசியில்தான் வருகிறது. நாம் சபையிலிருந்து தொடங்குகிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை வெளியிடும் குருவைத் திருச்சபை விலக்கியே வைக்கிறது. கேட்பவரின் நாக்குக்கு எது ருசி என்று அதற்குத் தெரியும்.

பூசைக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவர் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். தாம் சொன்னதை வெளியே கொண்டுபோனது யார் என்று அவருக்குத் தெரியும். இந்த வாரம் அவர் வீட்டுக்குத் தனியாகப் போவோம்.